உப்பு என்னும் ஒற்றைச் சொல்

மொழியியல் படித்த உனக்கு மீன்குளத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டுள்ளனர். ஆய்வகத்தில் பிறக்கும் அறிவுரை உழவரின் பேச்சுமொழியைச் சென்றடையும்போது எதை இழக்கிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வுப்பொருள். அதன்பொருட்டு ஹரியானாவின் ரோத்தக் பகுதிச் சிற்றூர்களுக்குச் சென்று வருகிறேன்.

அங்கே கடல் இல்லை, உப்பு உண்டு. கால்வாய்ப் பாசனம் வந்தபின், போதிய வடிகால் இல்லாத தாழ்நிலங்களில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, மண்ணில் உப்பு படிந்தது. கோதுமை விளையாத அத்தகைய நிலத்தை உடைய முதியவர் ஒருவர் என்னிடம், "பேட்டா, கலப்பினத் திலாப்பியா உப்புநீரில் வளரும் என்கிறார்கள். என் நீர் உப்புநீர். அப்படியானால் வளரும்தானே?" என்று கேட்டார். தருக்கத்தில் பிழையில்லை. ஆனால் அதிலுள்ள சொற்கள் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளை மறைத்து வைத்திருக்கின்றன.

முதலில் 'கலப்பினம்'. நைல் திலாப்பியா விரைவாக வளரும். ஆனால் உப்பு மிகுந்தால் தளரும். மொசாம்பிக் திலாப்பியா கடல்நீரிலும் இனப்பெருக்கம் செய்யும். ஆனால் மெதுவாக வளரும். இவ்விரண்டின் கலப்பில் பிறக்கும் குஞ்சு எந்தப் பெற்றோரின் பண்பை எந்த அளவில் பெற்றது என்பதைப் பொறுத்தே அதன் உப்புத் தாங்கும் திறன் அமைகிறது. உப்பைத் தாங்காத வேறு இனங்களைக் கலந்து பெற்ற மீனும் கலப்பினமே.

அடுத்து 'வளரும்'. உயிர் பிழைப்பது வேறு, வளர்வது வேறு. மீனின் குருதியிலுள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நன்னீரில் உடலுக்குள் புகும் நீரை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். கடல்நீரில் நீரைக் குடித்து, உப்பைச் செவுள்வழி வெளியேற்ற வேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் செலவாகிறது; அது உண்ட தீவனத்திலிருந்தே வருகிறது. குருதியை ஒத்த உப்பளவில், அதாவது ஆயிரத்தில் 10 முதல் 12 பங்கு அளவில், இச்செலவு குறைந்து வளர்ச்சி கூடும் என்பது ஒரு கருத்து. எல்லா ஆய்வுகளும் அதை உறுதி செய்யவில்லை. கலப்பும் வயதும் வெப்பநிலையும் முடிவை மாற்றுகின்றன. நன்னீரில் வளர்ந்த குஞ்சை ஒரே நாளில் மிகு உப்பில் விட்டால் மடியும். பல நாள்களில் படிப்படியாக ஏற்றினால் அதே குஞ்சு பிழைக்கலாம்.

இறுதியாக 'உப்பு'. அவ்வூரார் 'காரா பானி' என்னும் ஒரே தொடரால் எல்லா உவர்நீரையும் குறிப்பர். கையிலுள்ள ரிஃப்ராக்டோமீட்டரும் அப்படித்தான். மொத்த உப்பைக் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. ஹரியானாவின் நிலத்தடி உவர்நீரில், அதே உப்பளவுள்ள கடல்நீரை நோக்கப் பொட்டாசியம் மிகக் குறைவு. அதனால்தான் அங்கு வெள்ளை இறால் வளர்ப்போர் குளத்தில் பொட்டாஷ் இடுகின்றனர். மீனின் செவுளில் உப்பைக் கடத்தும் நொதியும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதே. ஆகவே கடலோரத்தில் கிடைத்த வளர்ச்சி விகிதத்தை அப்படியே ரோத்தக்குக்குப் பெயர்க்க இயலாது.

இது சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. வட இந்தியக் குளிர் திலாப்பியாவுக்கு ஆகாது. நீரின் வெப்பம் 10 பாகைக்கு அருகில் இறங்கினால் இறக்கத் தொடங்கும். எனவே குளிர்காலத்துக்குள் விற்கும் எடைக்கு வந்தாக வேண்டும். உப்பால் வளர்ச்சி சற்றே பின்தங்கினாலும், கடன் வாங்கிக் குளம் வெட்டியவருக்கு அது முதலையே இழக்கும் கணக்கு.

நம் வேளாண் தமிழ் மண்ணைப் பொறுத்தவரை உவர்நிலம் என்றும் களர்நிலம் என்றும் பிரித்துச் சொல்கிறது. மருந்தும் வேறென்று அறிந்திருக்கிறது. நீருக்கும் அத்தகைய பிரிப்பு வேண்டும். உழவர்களுக்குக் கையேடு எழுதும் ஆய்வாளர்கள், எந்த மொழியில் எழுதினாலும், 'உப்பைத் தாங்கும் மீன்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டாம். எந்தக் கலப்பு, எவ்வளவு உப்பு, எந்தெந்த உப்பு, எத்தனை நாளில் பழக்கியது, எத்தனை மாதத்தில் எவ்வளவு எடை ஆகிய ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். அரைப் பக்கம் கூடும். படிப்பவர் தம் குளத்துக்குப் பொருந்துமா என்று தாமே முடிவு செய்வார்.