தைப்பூசத்துக்கு ஹோம்ஸ்டே புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

 

தைப்பூசம் நெருங்க நெருங்க கோயில் குரூப்பில் ஒரே கேள்விதான். "அண்ணே, பினாங்கில் நல்ல ஹோம்ஸ்டே தெரியுமா? பத்து பேர் வர்றோம்." ஜொகூரில் இருந்து கேக்குறாங்க, சிலாங்கூரில் இருந்து கேக்குறாங்க, சிங்கப்பூரில் இருந்தும் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல. அதான் ஒரே பதிவா எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நான் வக்கீல் இல்ல. எஸ்.பி.எம். முடிச்சு பாயான் லெப்பாஸில் ஆபரேட்டரா வேலைக்குச் சேர்ந்து, இப்போ சூப்பர்வைசரா இருக்கிறவன். ஆனா இந்த விவகாரம் எங்க அடுக்குமாடியிலேயே ரெண்டு வருஷம் ஓடுச்சு. மீட்டிங் மீட்டிங்கா உட்கார்ந்து கேட்டுக் கத்துக்கிட்டதை எழுதுறேன்.

முதல்ல அந்த ஹோம்ஸ்டேங்கிற வார்த்தை. நம்ம நாட்டில் சுற்றுலா அமைச்சு 1995-லேயே ஹோம்ஸ்டே திட்டம் ஆரம்பிச்சது. அது கம்பத்தில் ஒரு குடும்பத்தோட அவங்க வீட்டிலேயே தங்கி, அவங்க சமைக்கிறதைச் சாப்பிட்டுப் பழகுறது. நாம இப்போ ஹோம்ஸ்டேன்னு சொல்றது வேற. வீட்டுக்காரர் எங்கேயோ இருப்பார், சாவி ஒரு சின்னப் பெட்டியில் தொங்கும், நம்பர் வாட்ஸ்அப்பில் வரும். இதுக்கு அரசாங்கம் வச்சிருக்கிற பேர் குறுகிய கால வாடகைத் தங்குமிடம். ரெண்டுக்கும் சட்டம் ஒண்ணு இல்ல.

பினாங்கு மாநில அரசு 2023-இல் இதுக்கு வழிகாட்டி விதி அறிவிச்சது. தீவுப் பகுதியில் குடியிருப்பு வீடுகளை இப்படி நாள் கணக்கில் விடக்கூடாது. சர்வீஸ் அபார்ட்மெண்ட் மாதிரி வணிகத் தகுதி உள்ள கட்டடங்களுக்கு மட்டும் வழி உண்டு. அதுக்கும் கட்டடத்தின் நிர்வாகக் குழு சம்மதிக்கணும், மாநகர் மன்றத்தில் பதியணும். ஆக, ஆப்பில் படம் போட்டிருக்கு, ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்காங்கன்னா அந்த இடத்துக்கு அனுமதி இருக்குன்னு அர்த்தம் இல்ல.

சிங்கப்பூர்ச் சொந்தக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க ஊரில் இது இன்னும் கெடுபிடின்னு உங்களுக்கே தெரியும். தனியார் வீடுன்னா குறைஞ்சது தொடர்ந்து மூணு மாசம், எச்.டி.பி. வீடுன்னா ஆறு மாசம். அதுக்குக் கீழே விட முடியாது. 2018-இல் ரெண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் போட்டது பேப்பரில் வந்துச்சு. அங்கே அவ்வளவு ஒழுங்கா இருக்கிறவங்க, காஸ்வே தாண்டினதும் "மலேசியாவில் எல்லாம் ஓகேதானே அண்ணே"ன்னு கேக்குறீங்க. ஓகே இல்ல.

ஒரு தைப்பூசத்துக்கு முந்தின நாள் ராத்திரி, பதினோரு மணி இருக்கும். நான் தண்ணீர்ப் பந்தலில் ஐஸ் பெட்டி இறக்கிட்டு இருந்தேன். கோயில் ஆபீஸில் இருந்து போன். ஜொகூரில் இருந்து ஒரு குடும்பம், ஒன்பது பேர், வேனில் வந்திருக்காங்க. ஒரு கொண்டோவில் ரெண்டு ராத்திரிக்குப் பணம் முழுசா கட்டியாச்சு. கார்டு உள்ளே விடல. "இந்தக் கட்டடத்தில் நாள் வாடகை கிடையாது, நோட்டீஸ் ஒட்டியிருக்கு பாருங்க"ன்னு சொல்லிட்டார். வீட்டுக்காரருக்கு அடிச்சா போன் எடுக்கல. நான் மோட்டார் எடுத்துட்டுப் போனேன். காவடி எடுக்கிற பையன் நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவன், வேன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கான். பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் அழுதுட்டாங்க. கார்டு நேப்பாளத்துத் தம்பி. அவரும் பாவம், உள்ளே விட்டா அவர் வேலை போயிடும். அன்னைக்கு ராத்திரி ஓட்டல் எதுவும் காலி இல்ல. நம்ம மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்க வச்சோம். பணம் திரும்பி வந்துச்சான்னு அப்புறம் கேட்டேன். பாதிதான் வந்துச்சாம்.

இதைப் படிச்சுட்டு, கார்டு மேலயும் நிர்வாகக் குழு மேலயும் கோபம் வரும். "பக்தர்களுக்கு இடம் கொடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்"னு தோணும். அதனால அந்தக் கட்டடத்துக்குள்ளே குடியிருக்கிறவங்க பக்கத்தையும் சொல்லணும்.

எங்க அடுக்குமாடி குடியிருப்புத் தகுதி உள்ளது. ஒரு காலத்தில் எங்க மாடியிலேயே மூணு வீடு நாள் வாடகையில் ஓடுச்சு. படிக்கட்டுக் கம்பியில் சாவிப் பெட்டி வரிசையாத் தொங்கும். லிப்ட் அக்செஸ் கார்டு யார் யார் கையில் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நான் நைட் ஷிப்ட் முடிச்சுக் காலையில் வந்து படுப்பேன், அப்பத்தான் பக்கத்து வீட்டில் பெட்டியை இழுத்துட்டுக் கிளம்புவாங்க. மத்தியானம் அடுத்த குரூப் வரும், தப்பான கதவைத் தட்டும். எதிர் வீட்டில் ஒரு சீன ஆண்ட்டி, எழுபது வயசுக்கு மேல, தனியா இருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எவனோ கதவுப் பிடியைத் திருகினான்னு அவங்க ஒரு வாரம் தூங்கல.

தைப்பூசத்துக்கு வந்தவங்களும் இதில் சேர்த்திதான். ஒரு வருஷம் மூணு ரூம் வீட்டில் பதினாலு பேர். காரிடார் முழுக்க மஞ்ச வேட்டி காயப் போட்டு, குளியலறைக் குழாய் அடைச்சு, கீழ் வீட்டுக் கூரையில் தண்ணி சொட்டுச்சு. நல்ல மனுஷங்கதான், எனக்குப் பிரசாதம் எல்லாம் கொடுத்தாங்க. ஆனா பக்தர்னு சொன்னா சத்தம் சத்தம் இல்லாமப் போயிடுமா? அந்த ஆண்ட்டிக்கு யார் காவடி எடுத்தா என்ன, அவங்களுக்கு வேண்டியது தூக்கம்.

மாநில அரசு விதி இருந்தும் எதுக்கு ஏஜிஎம்மில் தீர்மானம்னு பலர் கேட்டாங்க. கட்டடத்துக்குன்னு சொந்த விதி இருந்தாத்தான் நிர்வாகக் குழு நேரடியா நடவடிக்கை எடுக்க முடியும், ஒவ்வொண்ணுக்கும் மாநகர் மன்றத்துக்கு ஓடிக்கிட்டு இருக்க வேணாம்னு செயலாளர் விளக்கினார். அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2013-இன் கீழ் கூடுதல் விதி கொண்டு வரலாம். அதுக்குச் சிறப்புத் தீர்மானம் வேணும். 21 நாள் முன்கூட்டியே நோட்டீஸ், செல்லுபடியான ஓட்டில் முக்கால் பங்கு ஆதரவு.

"என் வீடு, நான் யாருக்கு வேணும்னாலும் விடுவேன், நீங்க யாருடா தடுக்க"ன்னு ஒருத்தர் எழுந்து கத்தினார். அவர் சொன்னதிலேயும் ஒரு நியாயம் இருக்கு. வீட்டை விக்கிறதையோ வாடகைக்கு விடுறதையோ இந்தக் கூடுதல் விதியை வச்சுத் தடுக்க முடியாதுன்னு அதே சட்டம் சொல்லுது. ஆனா இதே வாதம் கோலாலம்பூர் மொண்ட் கியாரா கொண்டோ ஒண்ணில் இருந்து கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. 2020-இல் தீர்ப்பு. நாள் கணக்கில் வந்து போறவங்க வாடகைக்காரங்க இல்ல, தங்குறதுக்கு அனுமதி வாங்கினவங்க மட்டும்தான், அதனால கட்டடம் அதைத் தடை செய்யலாம்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஓட்டலில் சாவி வாங்கினா அந்த ரூம் நம்ம வாடகை வீடு ஆகிடுமா? அந்த மாதிரிதான்.

இதில் எனக்கு இருந்த சங்கடம் வேற. அந்த மூணு வீட்டில் ஒண்ணு நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு அக்காவோடது. வெள்ளிக்கிழமை தவறாம பூக்கட்ட வருவாங்க. பலருக்குத் தெரிஞ்சவங்க, அதனால பேர் போடல. அவங்க வீட்டுக்காரர் பென்ஷன் காலத்துக்குன்னு வாங்கிப் போட்ட வீடு. அவர் தவறிட்டார். மாசம் 1,150 ரிங்கிட் பேங்க் தவணை. நாள் வாடகையில் நல்ல மாசம் 2,500 வரும், தைப்பூசம், பள்ளி விடுமுறைன்னா இன்னும் கூட. அதில்தான் தவணையும் மருந்தும் ஓடுச்சு. பணக்கார முதலாளி பத்து வீடு வாங்கி ஓட்டுற கதை இல்ல இது.

நோட்டீஸ் வந்ததும் அக்கா கேட்டாங்க, "தம்பி, நீ எந்தப் பக்கம் கை தூக்கப் போற?"

தடைக்குத்தான் கை தூக்குவேன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, மல்லிகையைக் கட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் நான் கேட்டேன், "அக்கா, மெயிண்டனன்ஸ் கட்டியாச்சா?" ரெண்டு மாசம் பாக்கி. மீட்டிங்குக்கு ஏழு நாள் முன்னாடி பராமரிப்புக் கட்டணமோ சிங்கிங் ஃபண்டோ பாக்கி இருந்தா ஓட்டு கிடையாது. இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல, மீட்டிங் அன்னைக்கு வாசலில் நின்னு சண்டை போடுறாங்க. "நாளைக்கே கட்டிடுங்க, ரசீது எடுத்து வைங்க, நேரா வாங்க. முடியலன்னா பிராக்ஸி எழுதிக் கொடுங்க, ஆனா ஒருத்தர் ஒரு வீட்டுக்குத்தான் பிராக்ஸியா இருக்க முடியும்"னு சொன்னேன். என் பொண்டாட்டி வீட்டில் சிரிச்சா. "உங்களுக்கு எதிரா ஓட்டுப் போட நீங்களே ஆள் கூட்டிட்டு வர்றீங்க." வேற எப்படிச் செய்யறது? அவங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் முடிவு எடுக்கணும்.

அக்கா வந்தாங்க. மைக்கில் ரெண்டு நிமிஷம் பேசினாங்க, மலாயில். யாரும் குறுக்கே பேசல. சீன ஆண்ட்டியும் பேசினாங்க. செல்லுபடியான ஓட்டு 61, தடைக்கு ஆதரவா 49. நிறைவேறிடுச்சு. மீறினா 200 ரிங்கிட் அபராதம், அக்செஸ் கார்டு உரிமையாளர் பேரிலும் பதிவு செஞ்ச வாடகைக்காரர் பேரிலும் மட்டும். நிர்வாகக் குழு உடனே அமல்படுத்தப் பார்த்துச்சு. ஏற்கெனவே புக்கிங் வாங்கினவங்களைத் தெருவில் நிறுத்த வேணாம், மூணு மாசம் கொடுங்கன்னு நான் கேட்டேன். ரெண்டு மாசம் கொடுத்தாங்க.

அப்புறம் எங்க தொழிற்சாலை எச்.ஆரில் கேட்டுப் பார்த்தேன். ஈப்போவில் இருந்து வந்த ரெண்டு டெக்னீஷியன் பொண்ணுங்க வீடு தேடிட்டு இருந்தாங்க. ஒரு வருஷ அக்ரிமெண்ட், ரெண்டு மாச டெபாசிட், மாசம் 1,300. தவணை போக அக்கா கையில் நிக்கிறது 150, அதிலேயும் மெயிண்டனன்ஸ் போகும். முன்னாடி வந்ததோட ஒப்பிட்டா ரொம்பக் குறைவு. அதை மறைச்சு "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது"ன்னு எழுத எனக்கு மனசு வரல. இப்போ அக்கா காலையில் ஒரு நர்சரியில் பாதி நாள் வேலைக்குப் போறாங்க. பூக்கட்ட வர்றாங்க. என்கிட்ட பேசுறாங்க, முன்ன மாதிரி அவ்வளவு இல்ல.

சரி, நீங்க என்ன செய்யணும்? புக் பண்றதுக்கு முன்னாடி வீட்டுக்காரரிடம் கேளுங்க: கட்டடம் குடியிருப்பா, வணிகமா? மாநகர் மன்றத்தில் பதிஞ்சிருக்கா? நிர்வாகக் குழு அனுமதிச்சிருக்கா? பதில் எழுத்தில் வரட்டும். "கார்டு கேட்டா சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க"ன்னு ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார்னா, அங்கே போகாதீங்க. அவருக்கே தெரியும் அது செல்லாதுன்னு. முருகனைப் பார்க்க வர்ற வழியில் பொய் எதுக்கு? முடிஞ்சா கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்துக்கே ஒரு போன் போட்டுடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. வேற மாநிலத்துக்குப் போறவங்க அந்தந்த ஊர் மன்றத்தில் விசாரிங்க, எல்லா ஊரிலும் பினாங்கு விதி இல்ல.

தீவில் ஓட்டல் கிடைக்கலன்னா பட்டர்வொர்த்தில் தங்கி பெர்ரி ஏறி வரலாம், நிறைய குடும்பம் அப்படித்தான் வர்றாங்க. நம்ம மண்டபத்தில் மாடி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், கீழே ஆண்களுக்கு. பாய் இருக்கு, தலையணை நீங்களே கொண்டு வாங்க. குளிக்கிற இடம் நாலுதான், காலையில் வரிசை இருக்கும். இடம் குறைவா இருக்கிறதால பாட்டி தாத்தாவோட வர்றவங்களுக்கும் காவடி எடுக்கிறவங்களுக்கும் முதல்ல. எத்தனை பேர், எந்த ராத்திரின்னு கோயில் ஆபீஸில் முன்கூட்டியே பேர் கொடுத்துடுங்க. வாகன நம்பரும் சேர்த்துக் கொடுங்க, பின்பக்கம் பத்து வண்டிக்கு மேல நிக்காது.