தராசும் பட்டமும்

செப்டம்பர் முதல் வாரத்தில் கல்கத்தாவின் காளிகாட் பட்டுவாபாராச் சந்துகளில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் விஸ்வகர்மா. நம் ஊர்ப் படங்களில் வரும் வெண்தாடிக் கிழவர் இல்லை. மீசை வைத்த இளவட்டம், யானை மேல் வருவார். களிமண் காய்ந்து, வர்ணம் ஏறி, கடைசியில்தான் கைகளுக்குச் சாமான் வரும்: சுத்தியல், தராசு, கூடவே ஒரு காகிதப் பட்டம். தொழில் தெய்வத்துக்குப் பட்டம் எதற்கு என்று லேக் மார்க்கெட்டில் குடியேறிய புதிதில் எனக்கு விளங்கவில்லை.

பூஜை பெரும்பாலும் செப்டம்பர் 17இல் வரும். அன்று மொட்டைமாடிகளில் நிற்க இடமிருக்காது. பேட்காட்டி, சாந்தியால், மொம்பாத்தி என்று பட்டத்துக்குப் பட்டம் பெயர். ஒன்று அறுந்தால் தெருவே ‘போகாட்டா’ என்று அலறும். அவத் பறிபோய் 1856இல் மெட்டியாபுரூஸுக்கு வந்து சேர்ந்த நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்த பைத்தியம் இது என்பார்கள். பிரியாணியில் கிடக்கும் உருளைக்கிழங்கையும் அவர் தலையில்தான் கட்டுகிறார்கள், போகட்டும்.

வீட்டுக்காரர் பையனின் பட்டம் ஒருமுறை வலப்பக்கமே சாய்ந்து சாய்ந்து வட்டமடித்தது. இறக்கி, குறுக்கு வில்லைத் தலையில் வைத்து வளைத்துப் பார்த்தான். கேட்கவில்லை. கிழிந்த பனியனிலிருந்து ஒரு விரல் நீளம் துணி எடுத்து, வில்லின் இடது முனையில் முடிந்தான். கான்னி என்பார்கள் அதை. பட்டம் நிமிர்ந்துகொண்டது.

விமான மிஸ்திரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். காளிகாட்வாசி, ஒரு பறப்புப் பயிற்சிக் கூடத்தில் வேலை. பெஹாலா ஓடுதளம் எங்கள் பக்கத்திலிருந்து சில கிலோமீட்டர்தான், அதனால் சின்ன விமானம் பற்றிய பேச்சு டீக்கடையில் எளிதாகக் கிளம்பும். “எங்ககிட்டேயும் சாயுற கேஸ் வரும் தாதா. ஆனா எடை கட்ட மாட்டோம்” என்றார். சின்ன விமானத்துக்கு ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து எடைக்கு உச்சவரம்பு உண்டு. அதில் வேலை செய்யாத எடை எதற்கு?

அவர் வைத்தியம் கேள்வியில் தொடங்கும். கையை விட்டால் இடது இறக்கை இறங்குகிறது என்று மாணவன் வந்து நிற்பான். தனியாகப் பறந்தாயா? விமானியின் இருக்கை இடப்பக்கம். பக்கத்தில் ஆளில்லாவிட்டால் இடது கனக்கத்தான் செய்யும். இரண்டு இறக்கையிலும் பெட்ரோல் சமமாக இருந்ததா? சறுக்குமானியில் குண்டு நடுவில் நின்றதா? பல நேரம் இறக்கை பாவம், குற்றவாளி வாலில் இருப்பான். சுக்கான் கொஞ்சம் கோணினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும், அந்தப் பக்க இறக்கை தாழும். அதையும் தாண்டினால் ஃபிளாப் இரண்டும் ஒரே மட்டத்தில் மூடுகின்றனவா என்று பார்ப்பார். பிறகு இறக்கை உடலில் பூட்டியிருக்கும் கோணம். செஸ்னா 150, 172 போன்றவற்றில் இறக்கையின் பின்பூட்டில் மையம் விலகிய புஷ் இருக்கிறது. அதைத் திருப்பினால் கோணம் இம்மியளவு கூடும், குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் சாய்ந்தால்தான், இறக்கையின் பின்னால் மேலும் கீழும் அசையும் ஏலரானின் பின்விளிம்பில் இருக்கும் சின்ன அலுமினியத் தகட்டில் கை வைப்பார். இடது இறக்கை எழ வேண்டுமென்றால் இடது ஏலரானின் தகட்டை மேலே மடிக்க வேண்டும். ஓடும் காற்று தகட்டைக் கீழே அழுத்தும். அதோடு ஏலரானும் இறங்கும். ஏலரான் இறங்கினால் இறக்கை ஏறும். தகட்டை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் பிடித்து அரை நூல் மடிப்பார், பறந்துவிட்டு வரச் சொல்வார், லாக் புத்தகத்தில் எழுதுவார், தேவைப்பட்டால் இன்னொரு அரை நூல். ஒரே மடக்கில் முடிக்கப் பார்ப்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

ரைட் சகோதரர்கள் இந்தத் தலைவலியை முதல் விமானத்திலேயே பட்டவர்கள். 1903இல் எஞ்சின் ஒரு பக்கம், படுத்தபடி ஓட்டும் ஆள் மறுபக்கம். எஞ்சின் ஆளைவிடக் கனம். அதற்காக வலது இறக்கையை நான்கு அங்குலம் நீளமாகக் கட்டினார்கள். எடைக்கு எடை வைக்காமல் காற்றிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கிய அந்த யோசனையை நான் மிஸ்திரியின் கட்சியில் சேர்ப்பேன்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 வாக்கில், மைதானத்தை ஒட்டிய ரெட் ரோடே ஓடுதளமாகி ஹரிக்கேன் போர் விமானங்கள் அங்கிருந்து எழும்பின. இப்போது அதில் பஸ்ஸில் போனால் அப்படி நடந்ததாகவே தெரியாது. ஹரிக்கேனின் ஏலரான் துணி போர்த்தியது. துணி ஏலரான்களின் காலத்தில் தகட்டுக்குப் பதில் கயிறு: கனக்கிற பக்கத்து ஏலரானின் பின்விளிம்பில், மேல்புறமாக, ஒரு நீளம் கயிற்றை வைத்து டோப் என்கிற வார்னிஷ் பூசி ஒட்டுவார்கள். அதிகமாகிவிட்டால் வெட்டிக் குறைப்பார்கள். பையனின் பனியன் துணிக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசமில்லை. அவன் லேசான முனையில் பாரம் கட்டினான். இவர்கள் கனத்த பக்கத்தில் காற்றைத் திருப்பினார்கள்.

விஸ்வகர்மா பூஜையன்று ஹாங்கரில் ஸ்பானர், டார்க் ரெஞ்ச் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கும், புரொப்பெல்லருக்கு மாலை விழும். அப்படி ஒரு பூஜைக்கு மறுநாள், சரிசெய்து நேராகப் பறந்துகொண்டிருந்த விமானம் இப்போது வலப்பக்கம் சாய்கிறது என்று வேறொரு மாணவன் வந்தானாம். மிஸ்திரி தகட்டின் பக்கமே போகவில்லை. வலது இருக்கையில் உட்காருபவர் பயிற்சியாளர்.

“உங்க வாத்தியார் எத்தனை கிலோ?” என்று கேட்டிருக்கிறார்.