ஐந்து சென்டிமீட்டர்

கவிதைக்கு இலக்கணம் சொல்ல முயன்ற கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். இரண்டொன்று நானும் எழுதியதுண்டு. எதுவும் தேறவில்லை. மரத்துக்குச் சொல்லிவிட்டார்கள். 1994ஆம் வருஷத்து தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கிளைகளைத் தாங்கும் அடித்தண்டு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமும், 1 மீட்டருக்குக் குறையாத உயரமும் கொண்டிருந்தால் அது மரம். எழுத்திலும் எண்ணிலும் தொகை பொருந்தாத செக்கைத் திருப்பியனுப்புவது என் உத்தியோகம். இந்த வாக்கியத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஜனக்புரியில் எங்கள் பிளாட்டுக்கு முன்னால் ஒரு வேம்பு. அதன் பக்கத்தில், அம்மா கும்பகோணத்திலிருந்து ஈரத்துணி சுற்றி ரயிலில் கொண்டுவந்து வைத்த கறிவேப்பிலை. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. போன மாதம் கீழ்வீட்டுப் பெரியவர் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வேம்பைச் சுற்றி அடிமரம்வரை சிமெண்ட் போட்டார். கறிவேப்பிலையைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்கேல் எடுத்துப் போய் அளந்தேன். என்னை விட உயரம். விட்டம் நாலு சென்டிமீட்டரும் கொஞ்சமும். மரமில்லை.

வேம்பு மரம்தான். வெட்டுதல் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் அர்த்தம் விசாலமானது. பட்டையை வளையமாக உரிப்பது, விஷம் வைப்பது, எரிப்பது, வேறு எவ்விதத்திலும் சேதப்படுத்துவது எல்லாம் அதில் அடக்கம். சிமெண்டும் அடங்கும் என்பது என் வாசிப்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டைப் பெயர்த்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. சட்டம் எழுதியபோது வைத்த தண்டனை ஒரு வருஷம்வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். என் கவுண்டரில் ஆயிரம் ரூபாயை யாரும் இரண்டாம் முறை எண்ணிப் பார்ப்பதில்லை.

மர அதிகாரிக்குப் புகார் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். பி.ஏ. படித்ததற்கு உருப்படியாக ஒரு பக்கம். ஒன்பது நாள் சட்டைப்பையில் கிடந்தது. அம்மாவுக்கு மூச்சுத் திணறிய ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவர் கீழ்வீட்டுக்காரர்தான். ஓட்டியது இதே கார். நாங்கள் திரும்பி வரும்வரை அவரும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் காகிதத்தோடு கீழே போனேன். "உட்காரு பேட்டா" என்று டீ கொடுத்தார். என் ஓட்டை ஹிந்தியில் முழுக்கப் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அபராதம் எத்தனை என்றும் கேட்கவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "அந்த ஒரு மீட்டரை எங்கிருந்து அளக்கணும்? மரத்தின் நடுவிலிருந்தா, பட்டையிலிருந்தா?" என்றார்.

விமர்சகனைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி. பட்டையிலிருந்து என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு ஆள் வருகிறான். வண்டியை இனி எங்கே விடுவார் என்று நான் கேட்கவில்லை.