மேகமும் மண்ணே

செனாய் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் நிழற்படங்களிலேயே தங்கியுள்ளது. தோட்டத்து லயத்தின் முன் நிற்கும் பாட்டி, கோயில் திருவிழா, 1974இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தில் வழியனுப்ப நின்ற உறவினர் ஆகிய படங்கள் ஒருகாலத்தில் தகரப் பெட்டியில் கிடந்தன. லயங்கள் பல இன்றில்லை, படங்களே எஞ்சின. பிள்ளைகள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். இனி அவற்றை எங்கு வைப்பது?

இவ்வினா எழுந்த ஒரு குடும்பத்தில், "நம் வீட்டுப் படம் நம் வீட்டிலேயே இருக்கட்டும், தம்பி" என்றார் அண்ணன். "வீடு மூழ்கினால் என்ன செய்வது, அண்ணே?" என்று கேட்டார் தம்பி. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

இரண்டு வன்தட்டுகள் கொண்ட பெட்டியொன்றை வீட்டு இணையத்துடன் இணைத்துவிட்டால், அனைவருடைய கைப்பேசிப் படங்களும் அதில் சென்று சேரும். ஒரு தட்டு பழுதுற்றால் மற்றது காக்கும். மாதக் கட்டணமும் இல்லை. ஆயினும் இரு தட்டுகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பவை. ஒரு மின்னலோ திருட்டோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். 2006 டிசம்பரில் ஜொகூரைச் சூழ்ந்த வெள்ளம் 2007 ஜனவரியில் மீண்டும் வந்ததை மக்கள் மறக்கவில்லை. மேலும், தவறுதலாக அழிக்கப்படும் படம் இரு தட்டுகளிலும் ஒரே நொடியில் அழியும்.

மேகச் சேமிப்பு என்னும் பெயரோ மயக்கம் தருவது. செனாய்க்கு அண்மையிலுள்ள கூலாயில், யங் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா நிற்கிறது. மேகம் என்பதும் மண்மேல் நிற்கும் கட்டடமே. அதற்கும் உரிமையாளர் உண்டு, விதிகள் உண்டு. 2015இல் தொடங்கிய கூகுள் போட்டோஸ், சற்றுச் சுருக்கிய படங்களை அளவின்றி இலவசமாக ஏற்றது. 2021 ஜூன் முதல் நாள் அச்சலுகையை நிறுத்தியது. ஈராண்டுகள் பயன்படுத்தாத கணக்கை அந்நிறுவனம் நீக்கவும் கூடும். தந்தையின் கடவுச்சொல்லை அறியாத பிள்ளைகள், தந்தையோடு அவர் சேர்த்த படங்களையும் இழக்க நேரும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, வேறிடத்தில் படியில்லாத 858 டெராபைட் அளவு அலுவலகக் கோப்புகள் அழிந்தன.

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்கள் பலவற்றுக்குப் பிற இடங்களில் படிகள் இருந்தன. படியெடுக்கப்படாத ஓலைச்சுவடிகள் திரும்பவேயில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரெனில், பல ஊர்களில் அதன் சுவடிகள் பிழைத்திருந்தமையே காரணம். ஓலையைக் கறையான் அரிக்கும்; ஆயினும் தலைமுறைதோறும் படியெடுத்தோர் இருந்தமையால் நூல் வாழ்ந்தது.

ஆகவே, வீடா மேகமா என்பதைவிட, எத்தனை படிகள், எத்தனை இடங்களில் என்று கேட்பதே பொருந்தும். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேற்றிடத்தில் என்பது அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதி. அக்குடும்பம் அவ்வழியே சென்றது. வீட்டுப் பெட்டியில் ஒன்று, மேகத்தில் ஒன்று, ஈப்போவில் வாழும் அக்காள் வீட்டு வன்தட்டில் ஒன்று. தீபாவளிதோறும் அக்காள் வரும்போது அவ்வன்தட்டும் உடன் வந்து புதிய படங்களை ஏற்றுச் செல்கிறது. கடவுச்சொல்லும் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தப்பட்டது.

ஒன்று மட்டும் எஞ்சியது. கோயில் திருவிழாப் படத்தில் நிற்பவர்களுள் பாதிப்பேரை எவரும் அறிந்திலர். முதிய அத்தை ஒருவரே ஒவ்வொரு முகமாகச் சுட்டிப் பெயர் சொன்னார், பேத்தி எழுதிக்கொண்டாள். எந்தப் பெட்டியும், எந்த மேகமும் செய்ய இயலாத பணி இது. அறிந்தோர் உள்ளபோதே செய்துகொள்ள வேண்டியதும் ஆகும். விடுமுறைக்குக் கட்டுரைப் பயிற்சி தரும் தமிழாசிரியர்கள், தம் மாணவர்க்கு இதனைத் தரலாம்.