புள்ளி வைத்த ஏடு

என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த விடுதித் தோழியர் பலர், "இதை எப்படிப் போடுகிறாய்? எங்களுக்கும் சொல்லிக் கொடேன்" என்று கேட்டுவிட்டனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட நம் ஆண்டிதழில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

'புல்லட் ஜர்னல்' மாணவர்களிடையே இப்போது புதிதல்ல. நியூயார்க் நகரின் புரூக்ளினைச் சேர்ந்த ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013-ஆம் ஆண்டு இம்முறையை இணையத்தில் வெளியிட்டார். 2018-இல் நூலாகவும் எழுதினார். சிறுவயது முதல் கவனம் சிதறும் சிக்கல் இருந்ததால், தமக்கென்று அவர் உருவாக்கிக்கொண்ட வழி இது. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்துவிட்டால் அதன்மேல் பெருக்கல் குறி. அடுத்த மாதத்திற்கு மாற்றினால் வலப்பக்கம் பார்க்கும் அம்புமுனை. நிகழ்ச்சிக்குச் சிறு வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு. எல்லாப் பக்கங்களுக்கும் எண், முன்னால் பொருளடக்கம். அவ்வளவுதான். பூவும் கொடியும் ஒட்டுத்தாளும் பிறகு மற்றவர்கள் சேர்த்துக்கொண்டவை.

முதலில் நோட்டுப்புத்தகம். புள்ளி அச்சிட்ட விலையுயர்ந்த நோட்டு கட்டாயமில்லை. தமிழ்ப்பள்ளியில் கணிதப் பாடத்திற்கு வாங்கினோமே, கட்டம் போட்ட நோட்டு, அதுவே போதும். கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் புள்ளிதான். என் முதல் ஏடு அதுதான். பேனாவைக் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்து, மறுபக்கம் மை ஊறுகிறதா என்று கவனித்த பிறகே உள்ளே எழுதுங்கள்.

அடுத்தது குறிகள். அம்புமுனைக்குப் பதிலாக நான் போடுவது ௸. 'மேற்படி' என்பதற்கான பழைய தமிழ்க் குறி இது. இன்னும் இருக்கின்றன: நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, எண்ணுக்கு ௺. நம் முன்னோர் கடிதத்திலும் பத்திரத்திலும் கணக்கேட்டிலும் எழுதிய குறிகள். அன்றன்று நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு இனம் பிரித்துப் பேரேட்டுக்கு மாற்றுவது கணக்கு முறை. புல்லட் ஜர்னலில் தினப் பக்கத்திலிருந்து தனிப் பட்டியலுக்கு மாற்றுவதும் கிட்டத்தட்ட இதுதான். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தும் நான் பார்த்திராத இக்குறிகளை யூனிகோடு அட்டவணையில்தான் பார்த்தேன். 2003-இல் அங்கே இடம்பெற்றிருக்கின்றன. அட்டையின் உட்புறம் ஒருமுறை எழுதி ஒட்டிக்கொண்டால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இடைநிலைப்பள்ளியில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான். இங்கு விரிவுரை ஆங்கிலத்தில், அலுவலகப் பாரம் மலாய்மொழியில். நான் தினமும் பேனா பிடித்துத் தமிழ் எழுதும் இடம் இந்த ஏடு ஒன்றுதான். அழகு பிறகு வரட்டும், எழுத்து முதலில் வரட்டும்.

புள்ளி வைத்துக் கணக்குப் பார்ப்பது எங்கள் குடும்பத்திற்குப் புதிதில்லை. ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டில் பெயர் கூப்பிட்டு மண்டோர் செக்ரோலில் குறிப்பார். அந்தக் குறியை வைத்துத்தான் சம்பளம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் லயத்து வீட்டுச் சுவரில் மளிகைக்கடை கொடுத்த காலண்டர் தொங்கியது. வேலைக்குப் போன நாளுக்குக் கரிக்கட்டையால் ஒரு புள்ளி. மழையில் மரம் நனைந்து வெட்டு நின்ற நாளுக்குக் கோடு. ஒரு மாதம் பாட்டியின் புள்ளிகள் 24. ஆபீசில் கொடுத்ததோ 22 நாள் சம்பளம். பாட்டி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போய்க் கிராணியின் மேசைமேல் வைத்தாராம்.

"உங்க புஸ்தகத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்கய்யா."

கிராணி முதலில் சிரித்திருக்கிறார். பாட்டி ஒவ்வொரு புள்ளியிலும் விரல் வைத்து, அன்று எந்த நிரையில் வெட்டினோம், பக்கத்து நிரையில் யார் நின்றது என்று சொல்லிக்கொண்டே போக, சிரிப்பு நின்றிருக்கிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் அந்த இரண்டு நாளும் சேர்ந்து வந்தன.

இதைக் கேட்ட பிறகுதான் என் ஏட்டில் பணத்திற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினேன். அழகான பக்கமல்ல, ஆனால் மற்றப் பக்கங்களையெல்லாம் விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள் என்பேன். இடப்பக்கம் ௷: கல்விக் கடனுதவி எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, அம்மா அனுப்பியது எவ்வளவு. வலப்பக்கம் ௶: கட்டணம், விடுதி, சாப்பாடு, நகல் எடுத்த செலவு. கீழே பகுதிநேர வேலைக்கு ஒரு மணி நேரத்திற்கு ஒரு புள்ளி. சென்ற விடுமுறையில் நான் வேலை பார்த்த கடையில் சம்பளத்தில் 9 மணி நேரம் குறைந்திருந்தது. புள்ளிப் பக்கத்தைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பினேன். மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். நம் கணக்கை வேறொருவர் எழுதும்போது நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும். பாட்டி காலத்துக் கரிக்கட்டையானாலும் சரி.

இனி அலங்காரம். தோழியர் ஆவலோடு கேட்டது இதைத்தான். ஒட்டுத்தாள்களை நான் விரும்புவதில்லை. ஏடு தடித்து மூட மாட்டேன் என்கிறது, காசும் கரைகிறது. புள்ளி போட்ட தாளைப் பார்த்தால் நமக்கு நினைவுக்கு வர வேண்டியது கோலமல்லவா? புள்ளிக்குப் புள்ளி 5 மி.மீ. உள்ள தாளில் சிக்குக் கோலம் போடுவதானால் எல்லாப் புள்ளிகளையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்; கை நெருங்கிக் கோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள். நேர்ப்புள்ளி 4-க்கு 4 என்றால் 4 செ.மீ. சதுரத்தில் அடங்கிவிடும். இதில் ஒரு வசதி உண்டு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் இரு கோலப் புள்ளிகளுக்கு நடுவில் விழும். நாம் விட்டுவைத்த அச்சுப் புள்ளி சரியாக அங்கேயே இருக்கும். பென்சிலால் மெல்லப் போட்டு, பிறகு மையால் ஒரே ஓட்டமாக இழுங்கள்.

இடுக்குப்புள்ளி 7-இல் தொடங்கி 4-இல் முடியும் கோலத்திற்கு மொத்தம் 37 புள்ளிகள். நடு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழு வைத்து, அடுத்த வரிசையை 1 செ.மீ. தள்ளி, இடைப்பட்ட அச்சுப் புள்ளிகளில் தொடங்க வேண்டும். சற்று உயரமாகத் தெரியும், பரவாயில்லை. மாதத்தின் முதல் பக்கத்திற்கு இது எடுப்பாக இருக்கும். வண்ணம் இரண்டு போதும்: மஞ்சளும் காவியும். வாசலில் கோலத்திற்குக் காவிக் கரை கட்டுவதுபோல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கரை கட்டிப் பாருங்கள்.

கோலத்தை வேலை வாங்கவும் செய்யலாம். 1, 3, 5, 3, 1 என்று வரிசை வைத்தால் 13 புள்ளிகள். ஒரு பாடத்தின் இடுபணியை ஒரு வாரம் தவறாமல் கவனித்தால் ஒரு புள்ளியைச் சுற்றி வளையம். எங்களுக்கு ஒரு பருவத்தில் 14 வாரங்கள். பதினான்காவதற்குப் புள்ளி இல்லை. அந்த வாரம் கோலம் போட யாருக்கு நேரம் இருக்கிறது!

மாதக் கடைசியில் முடியாத வேலைகளை மீண்டும் கையால் எழுதி ௸ போட வேண்டும். எழுதச் சலிப்பாக இருந்தால் அந்த வேலை தேவைதானா என்று பாருங்கள் என்கிறார் கேரல். எனக்குப் பாதி வேலைகள் அங்கேயே உதிர்ந்துவிடுகின்றன. மூன்று மாதங்களாக ௸ விழுந்தும் உதிராத வரி ஒன்று உண்டு: 'தோட்டத்துக் கதைகள், பாட்டியின் குரலில், பதிவு.' பாட்டிக்குக் கண் அறுவை முடியட்டும் என்று அம்மா தள்ளிவைத்தார். அறுவை முடிந்துவிட்டது. வரும் சனிக்கிழமைக்கு மலாக்கா சென்ட்ரல் வரை பேருந்துச் சீட்டு எடுத்தாயிற்று; அங்கிருந்து ஜாசினுக்கு வேறு பேருந்து.