காதுக்குள்ளே ஒரு கச்சேரி!

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை

"ஏன்டா, 150 ரூபாய்க்குத் தெருவுல விக்கிற சாமானை 1,200 ரூபாய் குடுத்து வாங்கியிருக்கியே, உனக்கு மூளை இருக்கா?"

ஒயர் வைத்த புது இயர்போனோடு நான் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்த பாராட்டுரை இது. செமஸ்டர் லீவில் ஒரு சவுண்ட் சர்வீஸில் எடுபிடியாக இருந்து, ஸ்பீக்கர் பெட்டி தூக்கிச் சம்பாதித்த காசு. அதனால் பாராட்டு கொஞ்சம் வலித்தது.

வலிக்க இன்னொரு காரணமும் உண்டு நண்பர்களே. அவன் சொன்னது சரிதானோ என்று எனக்கே சந்தேகம்! காலையில் பஸ்ஸில் போட்டுப் பார்த்தபோது, தபேலாவும் பேஸ் கிட்டாரும் எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் இருந்தது. என் பழைய 150 ரூபாய் இயர்போனாவது 'தொம் தொம்' என்று அதிரும். இது வெறும் தகர டப்பா. "சரி, 700 ரூபாய்க்கு நீயே எடுத்துக்கடா" என்று அவனிடமே பேரம் பேசிவிட்டேன்.

நல்லவேளை, அன்று மதியம் எங்களுக்கு லேப்.

ரெக்கார்டு முடித்த கையோடு, லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு மல்டிமீட்டரை ஜாக்கில் வைத்தேன். பெட்டியில் 16 ஓம் என்று போட்டிருந்தது. இடம், வலம் இரண்டுமே 16-க்குச் சற்றுக் குறைவாக, ஒன்றுபோலக் காட்டின. (மீட்டர் அளப்பது டி.சி. ரெசிஸ்டன்ஸ், பெட்டியில் இருப்பது இம்பீடன்ஸ். வைவாவில் கேட்பார்கள், ஞாபகம் வையுங்கள்!) அடுத்தது ஆடியோ ஆசிலேட்டர். அவுட்புட்டை நன்றாகக் குறைத்து, 1,000 ஹெர்ட்ஸில் ஆரம்பித்துக் கீழே இறங்கினேன். சத்தம் தேய்ந்துகொண்டே போய், 60 ஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லை. நொந்துபோய் இயர்போனை விரலால் காதுக்குள் அழுத்தினேன். அதே 60 ஹெர்ட்ஸ் 'ஹூம்' என்று மண்டைக்குள் இறங்கியது!

"தம்பி, பம்ப்புல வாஷர் லூஸா இருந்தா டியூப்புல காத்து ஏறுமா?" என்று சிரித்தார் அண்ணன்.

அவ்வளவுதான் விஷயம். காதுக்குள் அடைபட்ட கொஞ்சம் காற்றைத்தான் அந்தக் குட்டி டயாஃப்ரம் தள்ளி இழுக்கிறது. சிலிக்கான் மூடி காதுத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் இடுக்கு வழியே காற்று தப்பிவிடும். முதலில் காணாமல் போவது பேஸ்தான். பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி மூடிகள் இருந்தன. நான் மற்ற இரண்டையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாற்றி மாற்றிப் போட்டதில் என் இடது காதுக்குப் பெரியது, வலது காதுக்கு நடுத்தரம். இரண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னது?

பெட்டியில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று பெருமையாகப் போட்டிருக்கும். 150 ரூபாய்ப் பெட்டியிலும் அதேதான்! 3 டெசிபல் புள்ளியைக் குறிக்காமல் ஆர்.சி. கப்புள்டு ஆம்ப்ளிஃபயர் கிராஃபை நீட்டினால் நம் சார் மார்க் போடுவாரா? பெட்டிக்காரர்களுக்கு மட்டும் நாம் ஏன் போட வேண்டும்? காதால்தான் அளக்க வேண்டும். அதுவும் இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்து. எது சத்தமோ அதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். அப்படி வைத்துக் கேட்டபோது, பழையதில் பேஸ் பாடகரின் குரலையே மூடிக்கொண்டது. புதியதில் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

மற்றவை சுருக்கமாக. ஒயர் சட்டைக் காலரில் உரசினால் காதுக்குள் 'கரகர' என்று கேட்கும். ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றி இறக்கினால் அது அடங்கும். ஐந்தாம் மாதம் ஜாக் பக்கத்தில் ஒயர் விட்டுப்போனது. புது ஜாக் வாங்கி நானே சால்டரிங் வைத்தேன். உள்ளே இருப்பது லாக்கர் பூசிய மெல்லிய கம்பிகள். சூடான அயர்னில் அந்தப் பூச்சை எரித்தால்தான் ஈயம் பிடிக்கும். பேட்டரி செத்தால் தூக்கிப் போடுகிற ப்ளூடூத் குமிழில் இந்த வைத்தியம் நடக்குமா?

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் முடியாது.

என் அப்பா 25 வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் காதில் இதை மாட்டி, அவருக்குப் பிடித்த பஜனைப் பாட்டு ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இதுல ஜால்ராவே போடலையா?" என்றார்.

வாங்கி என் காதில் வைத்தேன். முதலிலிருந்து கடைசி வரை ஜால்ரா கணீர் கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது.

தறிக் கூடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். இரைச்சல் பெரும்பாலும் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. போனது திரும்பி வராது. அம்மா பேசும்போது அவர் "என்ன? என்ன?" என்று கேட்பதை வைத்து நாங்கள் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்!

அப்பா எங்கள் சோற்றுக்காகக் காதைக் கொடுத்தார். நான் எதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்? பஸ் இரைச்சலை ஜெயிக்க வால்யூமை முழுசாக ஏற்றி, இறங்கிய பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று எல்லை சொல்கிறது. 3 டெசிபல் ஏறினால் ஆற்றல் இரண்டு மடங்கு, நேரம் பாதி. 90 டெசிபலுக்கு வாரம் 4 மணி நேரம்தான். போகவர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் கேட்கிற எனக்கு மூன்றாம் நாளே கோட்டா தீர்ந்துவிடும்.

ஆகவே நண்பர்களே, இயர்போனை எவ்வளவு சத்தமாகப் பாடுகிறது என்று பார்த்து வாங்காதீர்கள். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் எல்லா வாத்தியமும் கேட்கிறதா என்று பாருங்கள். மூடி சரியாக அடைத்தால் பஸ் சத்தம் வெளியே நிற்கும், பாதி வால்யூமே போதும். (ரோட்டைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்!) 150 ரூபாயோ 1,200 ரூபாயோ, இந்தப் பரீட்சையில் பாஸானால் அது நல்ல சாமான். என் நண்பனுக்கும் இதைச் சொன்னேன். அவன் 400 ரூபாயிலேயே ஒன்று தேடிப் பிடித்துவிட்டான்!

அடுத்த லீவுக் காசில் அப்பாவுக்குத் தறிக்குப் போட்டுக்கொள்ளக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன்.

"இனிமே எதுக்குக் கண்ணு?" என்றார்.

"மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தறதுக்குங்கப்பா" என்றேன்.

இப்போது தினமும் போட்டுக்கொண்டுதான் போகிறார்.