மணி ஓசை எட்டும் தூரம்

சென்ற தவக்காலத்தில் வயது முதிர்ந்த தாய் ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றேன். தூத்துக்குடி நகருக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி எழுந்துள்ள புதிய குடியிருப்பு ஒன்றில் மகனோடு வசித்து வருகிறார். கடற்கரைத் தெருவில் இருந்த காலத்தில், விடியற்காலைப் பூசைக்கு முதல் மணி அடிக்கும் முன்பே கோவில் முற்றத்தில் நிற்பவர். "உடம்புக்கு என்னம்மா?" என்று விசாரித்தேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு சாமி. பைக்குல பின்னால ஏறி உட்கார முடியல. வேற எதுல வர?" என்றார்.

அந்தப் பதில் என் நெஞ்சைச் சுட்டது. ஏனெனில் அந்த வீட்டை மந்திரித்தவனே நான்தான். அறைதோறும் தீர்த்தம் தெளித்தேன், காற்றோட்டத்தைப் புகழ்ந்தேன், விருந்தும் உண்டேன். பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்கவில்லை. சொந்த வீடு என்ற பூரிப்பில் அவர்கள் மறந்திருக்கலாம். மேய்ப்பனாகிய நான் மறந்திருக்கலாகாது.

நம் முன்னோர் ஊர் அமைத்த முறையை நினைத்துப் பாருங்கள். வேம்பாறு முதல் மணப்பாடு வரை முத்துக்குளித்துறை ஊர்களில் கோவிலை அணைத்தவாறே தெருக்கள் அமைந்தன. பள்ளிக்கூடம், கடை, மீன் ஏலம் நடக்கும் கரை, கல்லறைத் தோட்டம் யாவும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் ஊர் ஊராகக் கால்நடையாகவே சென்று போதித்தார். கோவில் மணியின் ஓசை எட்டும் தூரமே ஊரின் எல்லை.

அந்த வாழ்வில் நெருக்கடியும் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. குடும்பங்கள் பெருகின, இடம் போதவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்த பின்னர், கரையை விட்டு விலகி வாழ விரும்பியவர்களும் உண்டு. ஆகவே, வெளியே மனை வாங்குவது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலிவு என்று வாங்கும் மனை உண்மையில் மலிவுதானா? வீட்டுக் கடனோடு வண்டிக் கடனும் சேர்கிறது. மனையின் மீதி விலையை மாதந்தோறும் பெட்ரோல் பங்க்கில் செலுத்திக்கொண்டிருக்கிறோம்! வண்டி ஓட்ட இயலாத முதியோரும் சிறுவரும் வீட்டிலேயே சிறைப்படுகின்றனர்.

2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். பேருந்தே வராத குடியிருப்பில் உள்ள தாய்க்கு அச்சலுகையால் என்ன பயன்? அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு மிதிவண்டி விலையின்றி வழங்கப்படுகிறது. அந்தத் தாயின் பேத்திக்குக் கிடைத்த மிதிவண்டி திண்ணை ஓரம் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. துறைமுகம் நோக்கி விரையும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையை அனுப்பத் தந்தைக்கு மனம் வரவில்லை. அவரை யார் குறை கூற முடியும்?

1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியவர்கள் ஒல்லாந்தர். அவர்களுடைய தாயகமும் நம் கரையைப் போலச் சமதரையே. அங்கே ஹௌட்டன் என்ற சிற்றூரை 1970-களில் விரிவாக்கத் திட்டமிட்டபோது, ஊரின் உள்ளே மிதிவண்டிக்கும் நடப்போர்க்கும் நேர்வழிகளை வகுத்தார்கள். மோட்டார் வாகனங்களை ஊரைச் சுற்றிச் செல்லவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அஞ்சாமல் மிதிவண்டியில் செல்கிறார்கள். பாதையைப் பற்றி முதலில் சிந்தித்து, அதன் பின்னரே வீடுகளைக் கட்டியதன் பயன் இது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் 153-ஆம் எண்ணில் இதைப் பற்றியே பேசுகிறார். ஓரிருவர் மட்டும் செல்லும் கார்கள் பெருகுவதால் நெரிசலும் மாசும் மிகுகின்றன; ஆகவே பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் வேண்டும் என்கிறார். மக்களை மாண்பின்றி அடைத்துச் செல்லும் பேருந்துகளைத் திருத்த வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை.

அன்பார்ந்த குடும்பத்தினரே, மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு நாள் வண்டியின்றி அவ்விடத்துக்குச் சென்று வாருங்கள். வயதான தாயையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு, வழியில் நிழல் உண்டா, இரவில் விளக்கு எரிகிறதா என்று அவர் கால்களே சொல்லிவிடும். ஏற்கெனவே குடியேறியவர்கள் தனித்தனியே புலம்ப வேண்டாம். அன்பியமாகக் கூடி, அயலாராகிய இந்து, முஸ்லிம் சகோதரரையும் சேர்த்துக்கொண்டு, கிராம சபையிலும் போக்குவரத்துக் கழகத்திடமும் சிற்றுந்துக்கும் நடைபாதைக்கும் மனுக் கொடுங்கள். சாலையோரம் வேம்பும் பூவரசும் நட எவருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறோமோ, அவரிடமும் சேர்ந்தே செல்லுங்கள்.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின்முன் இறக்கியதாக மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். எங்கள் பங்கிலும் நான்கு குடும்பங்கள் முன்வந்தன. ஞாயிறுதோறும் ஓர் ஆட்டோவுக்குப் பணம் பகிர்ந்து, அக்குடியிருப்பின் முதியோரைப் பூசைக்கு அழைத்து வருகிறார்கள். பேருந்துக்கான மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை, மீண்டும் எழுதியிருக்கிறோம்.

இப்போது வீடு மந்திரிக்க எவர் அழைத்தாலும், தீர்த்தச் செம்பைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இந்த வீட்டு அம்மா கோவிலுக்கு எப்படி வருவாங்க?"